‘தோட்டம்’ என்ற சொல்லை விளக்கப் போய்: சுங்கை சிப்புட் மாணவர்கள் தங்கள் ஊரை அயல்நாட்டு மாணவர்களுக்கு அறிமுகப்படுத்திய ஒரு நிகழ்வின் ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் நோக்கிச் செல்லும் பழைய சாலையில் சுங்கை சிப்புட் நகரம் இருக்கிறது. மலாயில் ‘சுங்கை’ என்றால் ஆறு, ‘சிப்புட்’ என்றால் நத்தை. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலம் இன்று பெரும்பாலும் செம்பனை எனப்படும் எண்ணெய்ப் பனையாகவும், நகரத்தை ஒட்டிய பகுதிகளில் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளாகவும் மாறியிருக்கிறது. இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. பள்ளியின் பெயரில் இன்னமும் ஒரு தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பள்ளி இடம்பெயர்ந்து நகரத்தின் ஓரத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாணவர்களில் மிகச் சிலரே இன்றும் தோட்டத்து வீடுகளிலிருந்து வருகிறார்கள்.

2023 மார்ச்சில் தொடங்கிய கல்வியாண்டில், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் 14 பேர் தங்கள் ஊரை மூன்று நாட்டு மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஒரு குழு திருச்சி மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் படிப்பது. இன்னொன்று இலங்கையின் ஹட்டன் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டப் பள்ளியைச் சேர்ந்தது. மூன்றாவது, டொராண்டோவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பு. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இயங்கலைப் பயிற்சிகளில் எனக்கு அறிமுகமான ஆசிரியர்கள் மூவரின் ஒத்துழைப்பால் இது கைகூடியது. எல்லாக் குழுக்களும் தமிழிலேயே பேசின. அதனால் மொழி ஒரு தடையாக இருக்காது என்று நாங்கள் நால்வரும் எண்ணினோம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதும், அந்தப் பிழையே எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதுமே இந்த ஆய்வின் பெரும்பகுதி.

முதல் படக்காட்சி

தொடக்கத்தில் மாணவர்களை அவர்கள் விருப்பத்துக்கே விட்டேன். இரண்டு வாரத்தில் பன்னிரண்டு படவில்லைகள் தயாராயின. முதலாவதில் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்கள், 452 மீட்டர், 88 மாடிகள் என்ற விவரத்துடன் நின்றன. அடுத்தது பத்துமலை முருகன் சிலை. அதன்பின் லங்காவித் தீவு, செம்பருத்தி மலர், நாசி லெமாக். பதினோராவது படவில்லையில்தான் சுங்கை சிப்புட் என்ற பெயர் வந்தது. அதற்கும் ஒரு வரைபடமே இருந்தது, ஒரு புகைப்படம்கூட இல்லை. மாணவர்கள் கடுமையாக உழைத்திருந்தார்கள், எழுத்துப் பிழையும் குறைவு. ஆயினும் அந்தப் பன்னிரண்டில் ஒன்றையும் அவர்கள் தம் கண்ணால் கண்டு எழுதவில்லை.

நான் அதைத் தடுக்காமல் அனுப்பிவைத்தேன். திருச்சி மாணவர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி, “அந்தக் கோபுரம் உங்க வீட்டிலிருந்து தெரியுமா?” என்பது. எங்கள் ஊருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கும் மேல். எங்கள் 14 பேரில் பாதிப்பேர் அந்தக் கோபுரத்தை நேரில் பார்த்ததே இல்லை. கேள்வியை வகுப்பில் வாசித்தபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவன், “அப்போ நம்ம வீட்டிலிருந்து என்ன தெரியும் டீச்சர்?” என்று கேட்டான். திட்டத்தில் நான் எழுதிவைத்திருந்த எந்த வினாவும் அந்த அளவுக்குப் பயன்படவில்லை.

சொற்கள் செய்த வேலை

இரண்டாம் மடலில் மாணவர்கள் தங்களைப் பற்றி எழுதினார்கள். “எங்கள் தாத்தா பாட்டி எல்லாரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். எங்கள் பள்ளி தோட்டத்துப் பள்ளி. காலையில் பசியாறிவிட்டுப் பள்ளிக்குப் போவோம். சிற்றுண்டிச் சாலையில் ரொட்டி சானாய் ஒன்றரை வெள்ளி.” இங்குள்ள எந்தப் பிள்ளைக்கும் இதில் விளங்காத சொல் இல்லை. திருச்சிப் பிள்ளைகள் இதை வேறு விதமாகப் படித்தார்கள். அவர்களுக்குத் தோட்டம் என்பது வாழையும் கத்தரியும் போட்டிருக்கும் இடம், வீட்டுக்குப் பின்னால் பூச்செடி வைத்திருக்கும் இடம். தாத்தாவும் பாட்டியும் எப்படித் தோட்டத்தில் பிறப்பார்கள், மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு சிறுமி அக்கறையோடு கேட்டிருந்தாள். ஒரு ரொட்டிக்கு ஒன்றரை வெள்ளி என்றால் அதை நிறுத்துக் கொடுப்பார்களா என்றும் கேள்வி வந்தது.

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுத உட்கார்ந்தபோதுதான் மாணவர்கள் ஊரைப் படிக்கத் தொடங்கினார்கள் என்பது என் துணிபு. ‘வெள்ளி’ என்று ஏன் சொல்கிறோம் என்று தேடிய ஒரு குழு, பழைய நாணயங்கள் வெள்ளியால் ஆனவை என்பதையும், ‘ரிங்கிட்’ என்ற மலாய்ச் சொல் அக்காலத்தில் இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளிக் காசுகளின் பல்லுப்பல்லான விளிம்பைக் குறித்தது என்பதையும் கண்டுபிடித்தது. ‘பசியாறுதல்’ இங்கே காலை உணவுக்கான அன்றாடச் சொல், திருச்சிப் பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லாத சொல். ‘சடக்கு’ (சாலை), ‘கம்பம்’ (கிராமம்), ‘கிராணி’ (தோட்ட எழுத்தர்) ஆகியவற்றுக்கும் விளக்கம் தேவைப்பட்டது. மாணவர்கள் ஒரு சொற்பட்டியல் தொடங்கினார்கள். நான் திட்டமிட்டிருந்தது படக்காட்சிதான்; ஆனால் ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே போனது அந்தப் பட்டியல்.

‘தோட்டம்’ என்ற சொல்லுக்கான விளக்கம் மட்டும் ஆறு முறை திருத்தி எழுதப்பட்டது. முதலில் “ரப்பர் மரங்கள் நிறைந்த இடம்” என்று எழுதினார்கள். அதில் மனிதர்கள் இல்லை என்று ஒருத்தி சொன்னாள். கடைசி வடிவம் இப்படி அமைந்தது: “தோட்டம் என்பது ரப்பர் அல்லது செம்பனை போட்டிருக்கும் பெரிய நிலமும், அதில் வேலை செய்பவர்களின் வரிசை வீடுகளும், கோயிலும், பள்ளியும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும், கடையும், கிராணி வீடும், துரை பங்களாவும், சுடுகாடும் சேர்ந்த ஊர். அங்கே வேலை போனால் வீடும் போகும்.” கடைசி வாக்கியத்தை யார் சேர்த்தார்கள் என்று கேட்டேன். தன் தாத்தா சொன்னதாக ஒரு மாணவன் சொன்னான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட 1950களின் பிற்பகுதி, 1960களின் வரலாறு முழுவதும் அந்த ஐந்து சொற்களுக்குள் இருக்கிறது. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவிய துன் வீ.தி. சம்பந்தன் இதே சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவர். அவர் பெயரை மாணவர்கள் அறிந்திருந்தார்கள். எதற்காக அந்தச் சங்கம் தேவைப்பட்டது என்பதைத் தாத்தாவின் ஒரு வாக்கியத்திலிருந்தே புரிந்துகொண்டார்கள்.

ஒரு பெற்றோரின் மறுப்பு

இவ்வளவில் ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. “எதுக்கு டீச்சர் மறுபடியும் தோட்டத்தக் காட்றீங்க? நாங்க கஷ்டப்பட்டு வெளிய வந்துட்டோம். வெளிநாட்டுப் பிள்ளைங்க முன்னாடி எம் பிள்ள ‘தோட்டத்துப் பிள்ள’ன்னு நிக்கணுமா?”

அவருடைய கேள்வி நியாயமானது. இந்த நாட்டில் அந்தச் சொல்லை வசையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. நான் விவாதிக்கவில்லை. மகளின் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். அதில் அவள் தன் அம்மாயியிடம் கேட்டு எழுதியிருந்த இரண்டு பக்கங்கள் இருந்தன. அவர் நின்றபடியே முழுவதையும் படித்தார். தம் தாயார் இவற்றைத் தம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்றார். மகள் பங்கேற்கலாம், ஆனால் முகம் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதன்பின் எல்லா மாணவர்களுக்கும் அதையே விதியாக்கினோம்: காணொலியில் கையும் குரலும் வரலாம், முகமும் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் வரக் கூடாது. எழுத்து வடிவில் பெற்றோர் ஒப்புதல் பெறாமல் எதையும் அனுப்பவில்லை. இவை தொடக்கத்திலேயே நான் செய்திருக்க வேண்டியவை. ஒரு தாயார் வந்து சொல்லும்வரை முழுமையாகச் செய்யாதது என் தவறு.

உளியும் மங்கும்

டொராண்டோ வகுப்பு, ‘பால்மரம்’ என்றால் என்ன, மரத்தில் பால் எப்படி வரும் என்று கேட்டிருந்தது. எங்கள் மாணவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரப்பர் இந்த நாட்டில் வேரூன்றியது எங்கள் மாவட்டத்தில்தான் என்பதை நினைக்கும்போது இது சற்றே வலித்தது. பிரேசிலிலிருந்து 1876-இல் எடுத்துச் செல்லப்பட்ட விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றிலிருந்து 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் ஒரு மரம் இன்னமும் அங்கே நிற்கிறது, எங்கள் பள்ளியிலிருந்து காடியில் (காரில்) அரைமணி நேரத்தில் போய்விடலாம்.

ஒரு மாணவனின் பாட்டி வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டுப் பழைய மரங்கள் இருந்தன. விடியுமுன்னரே பால் நன்றாக ஓடும் என்பதால் அவர் எங்களைச் சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு வரச் சொன்னார். பெற்றோர்களுடன் ஆறு மாணவர்கள் வந்தார்கள். பாட்டி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியை விரலால் தடவிப் பார்த்து, முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நூல்போல உரித்து எடுத்தார். பிறகு மரத்தின் இடப்பக்கம் மேலே உளியை வைத்து வலப்பக்கம் கீழாகச் சாய்வாக இழுத்தார். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில் பட்டை சுருண்டு விழுந்தது. இரண்டு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பின்னர் வெட்டு முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாகி, தகரக் குழாய் வழியே மங்கு எனப்படும் கோப்பையில் சொட்டியது.

ஏன் இடப்பக்கத்திலிருந்து என்று ஒருத்தி கேட்டாள். “அப்படி வெட்டினாத்தான் பால் கூட வரும்” என்றார் பாட்டி. அதற்கான காரணத்தைப் பிறகு வகுப்பில் தேடிக் கண்டோம்: பட்டைக்குள் பால் குழாய்கள் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து சுற்றிச் செல்வதால், இடமேலிருந்து வலக்கீழாகப் போகும் வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கிறது. மாணவன் ஒருவன் தானும் வெட்டிப் பார்க்கக் கேட்டபோது பாட்டி உளியைத் தரவில்லை. “ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். காயம் பட்ட எடத்துல மறுபட்டை ஒழுங்கா வராது. மண்டோரு பாத்தா ஏசுவாரு” என்றார். மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளர் யாரும் இல்லாத தம் சொந்த மரத்தைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதை மாணவர்கள் கவனித்தார்கள். அவருடைய வார்த்தையை மாற்றாமல் காணொலியில் அப்படியே விட்டார்கள்.

மூன்று நிமிடக் காணொலி டொராண்டோவுக்குப் போனது. இரு ஊர்களுக்கும் இடையே கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் வித்தியாசம் இருப்பதால் அவர்களோடு நேரடிச் சந்திப்பு கடைசிவரை நடக்கவில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஆசிரியருக்கு ஆசிரியர் பதிவுகளை அனுப்பிக்கொண்டோம். இந்தியாவும் இலங்கையும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். திருச்சிப் பள்ளி தொடங்கி அமர்வதற்கும் எங்கள் பள்ளி முடிவதற்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரமே கிடைத்தது. அந்த ஒரு மணி நேரம் போதுமானதாகவே இருந்தது.

கையால் வரைந்த வரைபடம்

டொராண்டோவிலிருந்து வந்த அடுத்த கேள்வி எளிமையானது: “உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் என்னென்ன இருக்கின்றன?” கைப்பேசி வரைபடத்தில் பார்த்தால் எங்கள் வட்டாரத்தில் ஒரு சாலையும் இரண்டு கடைகளும் நிறையப் பச்சையும் தெரியும். மாணவர்கள் வெள்ளைத்தாளில் வரைந்த படத்தில் மாரியம்மன் கோயிலும் தீமிதித் திடலும், மரத்தடி முனீஸ்வரரும், கூரை விழுந்த ஆயாக்கொட்டகையும், பழைய பால் ஸ்டோரின் சிமெண்டுத் தரையும், வெள்ளம் வந்தால் பேருந்து திரும்பும் வளைவும் இருந்தன. ஒரு சிறுவன் கள்ளுக்கடை இருந்த இடத்தையும் குறித்திருந்தான். அதை அழித்துவிடலாமா என்று வகுப்பில் பேச்சு எழுந்தது. நான் வைத்திருக்கலாம் என்றேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும், வெள்ளைக்காரரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் கோரிக்கைகளாக இருந்தன. கள்ளுக்கடையை மறைத்தால் அதை எதிர்த்தவர்களையும் சேர்த்தே மறைக்க வேண்டிவரும் என்று மாணவர்களிடம் சொன்னேன்.

இதே சிக்கல் 1948 பற்றியும் எழுந்தது. இணையத்தில் எங்கள் ஊரின் பெயரைத் தேடினால் முதலில் வருவது 1948 ஜூன் 16: அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும். பதினொரு வயதுப் பிள்ளைகள் கொலைச் செய்தியோடு ஊரை அறிமுகப்படுத்த வேண்டுமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த ஒரு தாத்தாவை மாணவர்கள் பேட்டி கண்டார்கள். அவர் கொலைகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வரிசை வீடுகளைச் சுற்றி வந்த முள்வேலியையும், பங்கீட்டு அரிசியையும், வேலைக்குப் போகும் அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் திறந்து பார்த்துச் சோதித்ததையும் சொன்னார். மாணவர்கள் நிகழ்ச்சியை இரண்டு வாக்கியங்களிலும் தாத்தாவின் பேச்சை ஒரு பக்கத்திலும் எழுதினார்கள். அந்த அளவு சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

“எப்போது திரும்பி வருவீர்கள்?”

திருச்சிக் குழுவுடனான நேரடிச் சந்திப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: “உங்க தாத்தா எங்க ஊர்ப்பக்கம்னு சொன்னீங்க. நீங்க எப்போ திரும்பி வருவீங்க?” அன்பாகத்தான் கேட்டான். எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்க திரும்பி?” என்று ஒரு மாணவி மெதுவாக என்னிடம் கேட்டாள்.

அன்று பதில் சொல்ல அவர்களை நான் வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து அவர்களே எழுதினார்கள். கங்காணிகள் கிராமங்களுக்கு வந்து ஆள் சேர்த்ததையும், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குக் கப்பல் வந்ததையும், 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியதையும் குறிப்பிட்டிருந்தார்கள். “எங்கள் கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பலில் வந்தார். அவர் திரும்பிப் போக நினைத்தார், போகவில்லை. நாங்கள் இங்கேயே பிறந்தோம். உங்கள் ஊருக்கு விருந்தாளியாக வருவோம். நீங்களும் எங்கள் ஊருக்கு வாருங்கள்.” அந்தப் பதிலில் நான் ஒற்றெழுத்து இரண்டை மட்டுமே திருத்தினேன்.

ஹட்டன் கேட்ட கேள்வி

இலங்கை மலையகப் பிள்ளைகளுக்கு எங்கள் சொற்பட்டியலின் பாதிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தோட்டம், லயம் (வரிசை வீடு), கங்காணி, துரை, பெரட்டு (வேலைக்குமுன் பேர் கூப்பிடும் வரிசை) எல்லாம் அவர்களிடமும் இருந்தன. ரப்பரை ஒருபோதும் காணாத பிள்ளையும் தேயிலையை ஒருபோதும் காணாத பிள்ளையும் ஒரே அகராதியை வைத்திருந்தார்கள். வேறுபாடுகள் சிறியவை, ஆனால் இனிமையானவை: எங்கள் கிராணி அங்கே கணக்கப்பிள்ளை, எங்கள் ஆயாக்கொட்டகை அங்கே பிள்ளை மடுவம். திருச்சியை நெருங்கிய உறவு என்று எண்ணியிருந்த எங்கள் மாணவர்கள், ஊரின் அமைப்பில் தங்களுக்கு நெருங்கியவர்கள் ஹட்டனில் இருப்பதை இந்தச் சொற்கள் வழியாகத்தான் கண்டார்கள்.

ஆண்டின் இறுதியில் அவர்கள் கேட்டார்கள்: “எங்களுக்குப் பெரட்டு காலை ஏழு மணிக்கு. உங்கள் தோட்டத்தில் எத்தனை மணிக்கு? யார் பேர் கூப்பிடுவார்கள்?”

எங்கள் பட்டியலில் பெரட்டு பழங்காலச் சொல்லாகவே இருந்தது. எல்லா விளக்கங்களும் “அந்தக் காலத்தில்” என்று தொடங்கின. இப்போது நடக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. செம்பனைத் தோட்டத்து வீட்டில் இன்றும் வசிக்கும் ஒரு மாணவி, தந்தையுடன் விடியற்காலையில் ஆபீசு வாசலுக்குப் போய்ப் பார்த்து வந்தாள். பெரட்டு நடக்கிறது, காலை ஆறு மணிக்கு. பேரைக் கூப்பிடுபவர் மலாயில் கூப்பிடுகிறார். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர்கள், சிலர் இந்தோனேசியர்கள். தமிழர் மூவர், அவர்களில் ஒருவர் அவள் தந்தை.

அவள் ஒரு வங்காளதேசத் தொழிலாளியிடம் மலாயில் பேசியிருக்கிறாள். எதற்காக எழுதுகிறாய் என்று அவர் கேட்க, இலங்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரைச் சொல்வதற்காக என்றிருக்கிறாள். அவர் கைப்பேசியில் தம் மகளின் படத்தைக் காட்டி, அவளுக்கும் பதினொரு வயது, அவளும் இதுபோல எழுதுவாள் என்று சொல்லி, தம் ஊரையும் எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று முறை ஊர்ப்பெயரைச் சொல்லவைத்து, காதில் விழுந்தபடி தமிழில் ‘குமில்லா’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஹட்டனுக்குப் போன கடைசி மடலில் பெரட்டு நேரத்துக்குக் கீழே, “எங்கள் தோட்டத்தில் இப்போது இருப்பவர்களின் ஊர்கள்” என்ற புதிய தலைப்பில், அந்தப் பெயர் முதலாவதாக இருந்தது.